கூடமே சபையாக இருந்தது

மும்பைக்கு வந்துபோகும் வெளியூர் அங்கத்தினர்களிடம் மாட்டுங்காவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் சொல்வார்கள். ஆஸ்திக சமாஜம் கோவில், கஃபே மெட்ராஸ், ஷண்முகானந்தா ஹால். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் சற்று உயரும். 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த அரங்கத்தை, பிழைக்க வந்த ஊரில் நம்மவர்கள் முன்னின்று கட்டினார்கள் என்பது நியாயமான பெருமைதான். ஆனால் அந்த அரங்கம் 1963-ல்தான் திறக்கப்பட்டது. தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் குடியேறத் தொடங்கியதோ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால். அந்த நாற்பது ஆண்டுகளும் சங்கீதம் எங்கே குடியிருந்தது?

என் பதில், நம் வீட்டுக் கூடங்களில் என்பதுதான். அந்தக் கூடங்கள் இருந்த கட்டடங்கள் இன்று ஒவ்வொன்றாக இடிபட்டு, இருபது மாடி, முப்பது மாடியாக எழும்பிக் கொண்டிருக்கின்றன. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, பிறகு செம்பூருக்குக் குடிபெயர்ந்தவன் என்ற முறையில், அந்தக் கூடங்களின் சரித்திரத்தைக் கொஞ்சமாவது எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

அறைக்குள் பிறந்த இசை

மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதத்தில் 'சேம்பர் மியூசிக்' என்று ஒரு வகை உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு அறையில், எதிரே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக வாசிப்பது. ஆரம்பத்தில் பிரபுக்களின் மாளிகை அறைகளில் நடந்த இந்தக் கச்சேரிகளுக்கென்றே பின்னாளில் சிறிய அரங்குகளும் எழுந்தன. லண்டனில் 1901-ல் திறக்கப்பட்ட விக்மோர் ஹால் இன்றும் உலகப் புகழுடன் நடக்கிறது. அதில் இருப்பது சுமார் 550 இருக்கைகள்தான். பெரிய அரங்கம் கட்டப் பணம் இல்லாததால் அல்ல, அந்த இசைக்கு அந்த அளவு போதும் என்பதால் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நம் கர்நாடக சங்கீதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், பின்னால் ஒரு தம்புரா. நாகஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்காகவே பிறந்தவை, அவற்றை விட்டுவிடலாம். மற்றபடி வாய்ப்பாட்டும் வீணையும் புல்லாங்குழலும் சமஸ்தானத்து தர்பார் அறையிலும், தனவந்தர் வீட்டுக் கூடத்திலும், அக்ரஹாரத்துத் திண்ணையிலும், கல்யாணப் பந்தலிலும் வளர்ந்தவை. டிக்கெட் வாங்கிக்கொண்டு அரங்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் சபைகளோடு வந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபை 1900-ல் தொடங்கியது. சென்னை மியூசிக் அகாடமி 1928-ல் வந்தது. ஒலிபெருக்கி அதற்கும் பிறகு, 1930-களில். நம் சங்கீதத்தின் வயதோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் நேற்றைய சமாசாரம்.

அறைக்குள் ஒலித்த இசை எத்தனை உயரத்தை எட்ட முடியும் என்பதற்கு வீணை தனம்மாளைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. இசை வேளாளர் மரபில் வந்த தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மீட்டுக்குக் கம்பி நகம் போட்டுக் கொள்ளாமல் வெறும் விரல் நுனியால் மீட்டும் வாசிப்பு. அந்த நாதம் நாலு வரிசைக்கு அப்பால் போகாது. அதைக் கேட்க வித்வான்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அந்தச் சிறிய வீட்டைத் தேடிப் போனார்கள். க்ஷேத்ரக்ஞர் பதங்களும், முத்துசுவாமி தீக்ஷிதர், சியாமா சாஸ்திரிகள் கிருதிகளும் இன்று நம் காதில் விழும் அழகுக்கு அந்த வீடு ஒரு முக்கியமான காரணம். அந்த வீட்டுக்கும் பம்பாய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிளேக் நோய் கொடுத்த வீடுகள்

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெரிசலான தெருக்களும் காற்றோட்டமில்லாத சால்களுமே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசாங்கம் 1898-ல் 'பம்பாய் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. தீவின் வடபகுதியில் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கங்களில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை எடுத்து, அகலமான சாலைகள், தோட்டங்கள், அளந்து பிரித்த மனைகள் என்று அந்த டிரஸ்ட் திட்டமிட்டது. கிங்ஸ் சர்க்கிளும் ஐந்து தோட்டங்களும் அந்தத் திட்டத்தின் மிச்சங்கள். கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக்கு இப்போது மகேஸ்வரி உத்யான் என்று பெயர்.

பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறிய நம் இளைஞர்கள் முதலில் கோட்டை, கிர்காம் பக்கத்து சால்களில்தான் தங்கினார்கள். ஒரு மாடிக்கே பொதுவான குழாய், பொதுவான கழிப்பிடம். மடியும் ஆசாரமுமாக வளர்ந்தவர்களுக்கு அது பெரிய சங்கடம். 1920-களிலும் 30-களிலும் மாட்டுங்காவில் எழும்பிய கட்டடங்களில் சமையலறை, குளியலறை, கழிப்பிடம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. வாடகையும் குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாயிற்று. ஊரிலிருந்து மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு குடும்பம் வந்தால் அடுத்த ஆண்டு அத்தான் வருவார், அதற்கடுத்த ஆண்டு மச்சினன் வருவான். இப்படித்தான் மாட்டுங்கா 'மினி மெட்ராஸ்' ஆயிற்று.

நம்மவர்கள் வந்த கையோடு என்ன செய்தார்கள் என்பதைத் தேதிகளே சொல்கின்றன. ஆஸ்திக சமாஜம் 1923. கன்னட அன்பர்களின் மைசூர் அசோசியேஷன் 1926. சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி 1932. முதலில் பஜனை, பிறகு கலை, பிறகு பள்ளிக்கூடம்! சங்கீதம் இங்கே பஜனை சம்பிரதாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. சனிக்கிழமை பஜனை, மார்கழி வீதி பஜனை, ராதா கல்யாணம், தை மாதத்தில் தியாகராஜ ஆராதனை. இவற்றுக்கு மேடையும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். ஒரு கூடம், ஒரு ஜமக்காளம், ஒரு குத்துவிளக்கு போதும்.

இந்தக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மாட்டுங்கா ஃபிளாட்டில் வாசற்கதவைத் திறந்ததும் வருவது கூடம். தெருப்பக்கம் பால்கனி. உயரமான கூரை, தடித்த சுவர், கீழே பூப்போட்ட சிமெண்ட் ஓடு. பகலில் அது அப்பாவின் ஆபீஸ் அறை, மாலையில் குழந்தைகளின் பள்ளிக்கூடம், இரவில் எட்டுப் பேரின் படுக்கையறை. மூன்று நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டால் நாற்பது பேர் உட்காரலாம். வாசற்கதவைத் திறந்து வைத்தால் மாடிப்படியில் இன்னும் பத்துப் பேர். உயரமான கூரையும் கெட்டியான சுவரும் குரலை அமுக்காமல் திருப்பித் தரும். சங்கீதத்துக்காக யாரும் அப்படிக் கட்டவில்லை. ஆனால் சங்கீதத்துக்கு அது பொருந்திவிட்டது.

ரயிலில் வந்த வித்வான்கள்

சென்னையிலிருந்து மெயிலில் ஏறினால் ஒரு நாளைக்கு மேல் பிரயாணம். அத்தனை தூரம் வந்த வித்வான் ஒரே கச்சேரி செய்துவிட்டுத் திரும்ப மாட்டார். ரசிகர்கள் வீட்டில் தங்குவார். காலையில் நம் வீட்டு இட்லி, மத்தியானம் நம் வீட்டு ரசம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்ட பிறகு, "அண்ணா, அந்த பேகடாவை நேற்று பாதியில விட்டுட்டேளே" என்று யாராவது மெதுவாக ஆரம்பிப்பார்கள். தம்புரா உறையிலிருந்து வெளியே வரும். சபையில் இரண்டரை மணிக்கு அளந்து பாடியவர் இங்கே ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் பாடுவார். தப்பித்தவறி ஒரு சங்கதி சரியாக விழவில்லை என்றால் சிரித்துவிட்டு மறுபடி பாடுவார். கூடத்துக் கச்சேரி என்றால் அதுதான்.

இந்த வீடுகளில் கேட்டது மட்டுமல்ல, கற்றதும் நடந்தது. மேலே சொன்ன தொடர்பு இங்கேதான் வருகிறது. வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா (1912–1996) பம்பாய்க்கு வந்து தங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்த வீடுகளில் ஒன்று அருணா சாயிராமின் பெற்றோர் வீடு. 1952-ல் பம்பாயில் பிறந்த அருணா சிறுமியாக இருந்தபோதே பிருந்தம்மாவிடம் பதங்களும் கிருதிகளும் கற்றார். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஒலித்த பாடாந்தரம், எந்த மேடையையும் தொடாமல், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, 1,300 கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்ந்தது! 2018-ல் மியூசிக் அகாடமி அருணா சாயிராமுக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. 2023-க்கான கலாநிதி பம்பாய் ஜெயஸ்ரீ. அவரும் இதே நகரத்தில் வளர்ந்து, தாய் தந்தையிடம் தொடங்கி, டி.ஆர். பாலாமணி என்ற பம்பாய் ஆசிரியையிடம் கற்று, பிறகு லால்குடி ஜெயராமனிடம் போனவர். சென்னையில் பிறக்காத சங்கீதத்துக்கு மதிப்பில்லை என்று நம்மை இளப்பமாகப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதில் சொன்னவை நம் கூடங்கள்.

பெரிய அரங்கமும் பெரிய மனசும்

ஜனத்தொகை பெருகப் பெருகக் கூடம் போதாமல் போனது உண்மை. ஷண்முகானந்தா ஃபைன் ஆர்ட்ஸ் அண்டு சங்கீத சபா 1952-ல் உருவாயிற்று. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1963-ல், கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்த அரங்கம் எழுந்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சொந்த அரங்கம் திறக்கப்பட்டது 1962-ல், அதாவது ஒரே ஒரு வருஷம் முன்னால். அதைவிட ஆயிரம் பேர் கூடுதலாக உட்காரக்கூடிய அரங்கத்தைப் பிழைக்க வந்த ஊரில் எழுப்பியிருக்கிறார்கள் என்றால் அந்தத் தலைமுறையின் துணிச்சலை என்னவென்று சொல்வது? ஹிந்துஸ்தானி இசை, நாடகம், சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று ஊர் முழுவதும் அந்த அரங்கத்துக்கு வந்தது.

1990-ல் தீ விபத்தில் அரங்கம் எரிந்து போயிற்று. நெஞ்சு வெடித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். மீண்டும் நிதி திரட்டி, காஞ்சி மகா பெரியவரின் திருநாமத்தில், 1998-ல் புதுக் கட்டடமாகத் திறந்தார்கள். இடையில் எட்டு ஆண்டுகள் பெரிய அரங்கம் இல்லை. ஆனாலும் இந்த நகரத்தில் சங்கீதம் நிற்கவில்லை. பெரியது எரிந்தபோது சிறியவை தாங்கிக் கொண்டன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதற்கிடையில் செம்பூர் வளர்ந்தது. 1954-ல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் ஏற்பட்டது. 1967 முதல் அதற்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர். அதே காலத்தில் மாஹுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. மாட்டுங்கா குமாஸ்தாக்களின் பிள்ளைகள் விஞ்ஞானிகளாகவும் இன்ஜினியர்களாகவும் ஹார்பர் லைன் ஓரமாகக் குடியேறினார்கள். கூடவே சங்கீதமும் வந்தது. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் அதன் சிவஸ்வாமி அரங்கமும் அப்படி வளர்ந்தவை. ஷண்முகானந்தாவைப் பார்த்துவிட்டு அங்கே போனால், அளவான இடத்தில் கேட்பதன் சுகம் தெரியும்.

மணி ஐயரும் மைக்கும்

பெரிய அரங்கம் என்றால் ஒலிபெருக்கி வந்தே தீரும். அது நன்மையா தீமையா என்ற விவாதம் புதிதல்ல. அதை எழுப்பியவர் சாமானியரும் அல்ல. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) 1960-களில், தம் புகழின் உச்சியில் இருந்தபோது, மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு விரல் மெதுவாகத் தொடும் தொடுகையும், தொப்பியில் மணிக்கட்டு வழுக்கி வரும் குமுக்கியும் மைக்கில் ஒரே இரைச்சலாகிவிடுகின்றன என்பது அந்தப் பிடிவாதத்தின் சாரம். வேடிக்கை என்னவென்றால், சென்னையிலும் பம்பாயிலும் பெரிய அரங்கங்கள் திறக்கப்பட்ட அதே பத்தாண்டில் இது நடந்தது. 1966-ல் மியூசிக் அகாடமி அவருக்கே சங்கீத கலாநிதி கொடுத்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

மைக்கை அடியோடு திட்டுவதும் சரியல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி உச்ச ஸ்தாயியில் பாடத் தெரியாதவருக்கு வாழ்வில்லை. மைக் வந்ததால்தான் தாழ்ந்த சுருதிக் குரல்களும் மேடை ஏறின. எம்.டி. ராமநாதனின் ஆழ்ந்த குரலை ஆயிரம் பேர் கேட்க முடிந்தது அதனால்தானே! என் அபிப்பிராயம் இவ்வளவுதான்: ஆயிரம் பேருக்கு மைக் வேண்டும். ஐம்பது பேருக்கு வேண்டாம். இன்றைக்கு ஐம்பது பேர் கூடும் இடத்திலும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துக் காதைத் துளைக்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் நம் நகரத்திலேயே இருந்தார்கள். ஜே.ஆர்.டி. டாடாவும் ஜம்ஷெட் பாபாவும் 1969-ல் நிறுவிய தேசிய கலை மையம் (என்.சி.பி.ஏ.) 1980-ல் நரிமன் பாயிண்டில் டாடா தியேட்டரைத் திறந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனும் ஒலியியல் நிபுணர் சிரில் ஹாரிஸும் சேர்ந்து வடிவமைத்தது. சுமார் ஆயிரம் இருக்கைகள். இந்திய இசையை ஒலிபெருக்கி இல்லாமல், கலைஞருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட நோக்கம். உலக நிபுணர்களை வைத்து அவர்கள் தேடியதை மாட்டுங்காவின் கூடங்கள் சத்தமில்லாமல் செய்து கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

சில வருஷங்களுக்கு முன்பு மே மாதத்தில் ஒரு நாள். மாட்டுங்காவில் 1930-களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டாவது மாடி வீட்டில் கச்சேரி என்று அழைப்பு. அடுத்த மாதம் கட்டடத்தை பில்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் கூடத்தில் ஒரு முறை பாட்டு வைத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டு மாமியின் ஆசை. வயது எண்பதைத் தாண்டியவர். டோம்பிவிலி, முலுண்ட், வாஷியிலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமே என்று மத்தியானம் இரண்டரை மணிக்கு வைத்திருந்தார்கள்.

மாடிப்படி முழுக்கச் செருப்பு. உள்ளே நாற்பத்தைந்து பேர் இருக்கும். சாமான்களைப் பாதி மூட்டை கட்டிவிட்டார்கள். படங்கள் மாட்டியிருந்த இடங்களில் சுவரில் வெள்ளைச் சதுரங்கள். பாடியவள் இருபத்திரண்டு வயதுப் பெண், வாரநாட்களில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. வயலினும் மிருதங்கமும் அதே வயதுப் பையன்கள். மைக் இல்லை. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இல்லை, நிஜத் தம்புரா. வர்ணம் முடிந்ததும் மிருதங்கம் வாசித்த பையன், "மாமா, ஃபேனை நிறுத்தலாமா?" என்று கேட்டான். மே மாதத்து மும்பை! யாரும் மறுக்கவில்லை. ஃபேன் நின்றதும் தம்புராவின் ஓசை கூடம் முழுக்கப் பரவியது. அதுவரை அது கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மத்தியான வேளைக்கு உரியது என்று பெரியவர்கள் சொல்லும் ஸ்ரீராகத்தில் ஒன்று, பிறகு சியாமா சாஸ்திரிகளின் ஆனந்தபைரவி. அந்தப் பெண் கத்தவே இல்லை. கத்த அவசியமும் இல்லை. சங்கதி ஒவ்வொன்றும் கையில் கொடுத்த மாதிரி வந்து விழுந்தது. ஒரு கட்டத்தில் சென்ட்ரல் லைனில் ஒரு ஃபாஸ்ட் லோக்கல் தடதடவென்று போயிற்று. அவள் கார்வையில் நின்று, ரயில் போகும் வரை காத்திருந்து, தொடர்ந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் சிரித்துவிட்டன. கடைசியில் ஒரு க்ஷேத்ரக்ஞர் பதம். வியர்வையில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

காபியும் கேசரியும் கொடுக்கும்போது மாமி என்னிடம், "எங்காத்துக்காரர் இருந்தப்போ மாசத்துக்கு ஒரு நாள் இங்க பாட்டு உண்டு. இதோ, இந்த ஜன்னலண்டைதான் வித்வான்கள் உக்காருவா. புது வீட்டுல ஹால் பெரிசாதான் தரான். ஆனா கூரை கையால தொடறாப்பல இருக்குமாமே?" என்றார். நான் என்ன சொல்ல? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், சம்பாவனை வைத்து மூன்று கலைஞர்களுக்கும் கொடுத்தார். இப்போது அந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு ஒரு கோபுரம் நிற்கிறது. பழைய கட்டடத்தில் குழாய் ஒழுகியது, லிஃப்ட் இல்லை, மாமி வருஷக் கணக்கில் கீழே இறங்கவே முடியாமல் இருந்தார். புதிய வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தக் கூடத்தில் நடந்ததையும் சேர்த்து இடித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்

மாட்டுங்காவின் கதையைச் சொல்லும்போது நாம் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பக்கம் உண்டு. சென்ட்ரல் லைன் தண்டவாளத்தைத் தாண்டினால் தாராவி. நம்மவர்கள் வருவதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற ஜில்லாக்களிலிருந்தும் தமிழர்கள் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டார்கள். ஆதி திராவிட மகாஜன சங்கத்தார் அங்கே 1913-ல் எழுப்பிய பிள்ளையார் கோவில் நம் ஆஸ்திக சமாஜத்தைவிடப் பத்து வயது மூத்தது. நடந்து போகும் தூரம்தான். இருந்தும் நம் கூடத்துக் கச்சேரிகளில் அந்தப் பக்கத்துத் தமிழர்களை நான் பார்த்ததில்லை.

தோல் என்றதும் முகம் சுளிக்க நமக்கு நியாயமே இல்லை. மிருதங்கம் என்பது பலாக்கட்டையும் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும்தான். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்தன. தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்யும் பரம்பரையில் வந்தவர். வித்வான் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவர இருவரும் வருஷக் கணக்கில் சேர்ந்து உழைத்தார்கள். டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் இந்தப் பெயர்கள் பலருக்கும் தெரிய வந்தன.

தனம்மாள் வீட்டுக் கதவு நம் தாத்தாக்களுக்குத் திறந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து நமக்குக் கிடைத்த பொக்கிஷத்தை நம் சொத்து என்று கொண்டாடுகிறோம். அப்படியானால் நம் வீட்டுக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நமக்குக் குறைவாகாது. கூடத்துக் கச்சேரியின் அழகே பக்கத்தில் உட்கார்வதுதான். அதில் யார் பக்கத்தில் என்ற கணக்கு இருக்கக் கூடாது.

நாம் செய்யக் கூடியது

2020-ல் கொரோனா வந்தபோது சபைகள் மூடிக் கிடந்தன. கலைஞர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துப் பாடினார்கள். சங்கீதம் வீட்டுக்குத் திரும்பியது, ஆனால் எதிரே கேட்க ஆளில்லை. ஒரு 'பலே' கூட இல்லாமல் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று பல இளைஞர்கள் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு வேண்டியது மூவாயிரம் பேர் அல்ல, முப்பது பேர். பெரிய சபைகளில் அவர்களுக்கு வருஷத்தில் ஒரு மத்தியான ஸ்லாட் கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்ற நாட்களுக்கு நாம்தான் இடம் கொடுக்க வேண்டும்.

செலவு அதிகம் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், இரண்டு மணி நேரம். கூடம் சிறியதானால் கட்டடத்தின் பொது ஹால். மைக் செட் வாடகை மிச்சம், அதைக் கலைஞர்களின் சம்பாவனையில் சேர்த்துவிடலாம். பிள்ளைகள்தானே என்று வெறும் பொன்னாடையோடு அனுப்பிவிட வேண்டாம். ஒரு தம்புரா தேடிப் பிடியுங்கள். ஆலாபனையின்போது ஃபேனையும் மொபைலையும் நிறுத்துங்கள். வாட்ச்மேனின் பெண்ணுக்குப் பாட்டில் ஆசை என்றால் அவளையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். கொல்கத்தாவிலோ டெல்லியிலோ ஜாம்ஷெட்பூரிலோ ஹைதராபாதிலோ, நீங்கள் இருக்கும் ஊரில் எந்த வீட்டுக் கூடம் சபையாக இருந்தது, அங்கே யார் வந்து பாடினார்கள், எந்த வருஷம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய அழைப்பிதழோ குரூப் போட்டோவோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெரிய அரங்கங்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கூடங்களுக்கு இருப்பது எண்பது வயதுக்காரர்களின் ஞாபகம் மட்டும்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள்.